எட்டு மைல் ஆழத்து அலறல்

2009ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் வடக்கில், கிராஃப்லா என்ற எரிமலைப் பகுதியில் ஒரு துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலரை கிலோமீட்டர் ஆழம் போவதாகத் திட்டம். இரண்டு கிலோமீட்டரைத் தாண்டியதும் துரப்பணம் சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில் திருப்பி மறுபடி இறக்கினார்கள். ஏறக்குறைய அதே ஆழத்தில் மறுபடியும் சிக்கியது. மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான எரிச்சல். ஒரே வரியில் மூன்றாவது தடவையும் புரோகிராம் செத்தால், அந்த வரியில் தப்பில்லை, நாம் மனசில் வைத்திருக்கும் வரைபடத்தில்தான் தப்பு என்று அப்போதுதான் உறைக்கும். அங்கேயும் அப்படித்தான் உறைத்தது. கழுவு நீரோடு மேலே வந்த சில்லுகளில் கண்ணாடி இருந்தது. புத்தம்புதுக் கண்ணாடி. சுமார் 2,100 மீட்டரில் உருகிய பாறைக்குள்ளேயே துளை போய் இறங்கியிருந்தது. துரப்பணத்தைச் சுற்றி ஓடிய குளிர்ந்த நீர் பட்டு மாக்மா அந்த நொடியே உறைந்து கண்ணாடியாகி நொறுங்கி மேலே வந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஆர்தர் கானன் டாயிலின் ஒரு கதை ஞாபகம் வந்தது. 1928இல் வந்தது. ‘உலகம் அலறியபோது’ என்று தமிழில் சொல்லலாம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை அல்ல. அவருடைய இன்னொரு நாயகன், தாடியும் கோபமுமாகத் திரியும் பேராசிரியர் சாலஞ்சரின் கதை. புவிவெப்பத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், புள்ளிவிவரங்களுக்கு முன்னால் இந்தக் கதையைப் படியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல கதை என்பதற்காக இல்லை. சுமாரான கதைதான். ஆனால் நாம் ஏன் பூமியைத் துளைக்கிறோம் என்ற கேள்விக்கு, தன்னை அறியாமலே, ஓர் உண்மையான பதிலை அது சொல்லிவிடுகிறது.

கதை இதுதான். பூமி உயிருள்ள பிராணி என்பது சாலஞ்சரின் கொள்கை. கடல் முள்ளெலி தெரியுமல்லவா, ஓட்டுக்குள் உடம்பை வைத்துக்கொண்டு கடலடியில் கிடக்குமே, அந்த மாதிரி. நாமெல்லாம் அதன் ஓட்டின் மேல் ஊர்கிற நுண்ணுயிர்கள். நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. ஒரு ரப்பர் கோடீஸ்வரர் எழுதிவைத்துவிட்டுப் போன பணத்தில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் எட்டு மைல் ஆழத்துக்குச் சுரங்கம் தோண்டுகிறார். ஓட்டைத் தாண்டியதும் கீழே சாம்பல் நிறத்தில், பளபளப்பாக, துடித்துக்கொண்டிருக்கும் சதை. அதில் துரப்பணத்தை இறக்குகிறார்கள். பூமி அலறுகிறது. தார் போன்ற நாற்றமடிக்கும் திரவம் பீறிட்டு, வேடிக்கை பார்க்க வந்த பெரிய மனிதர்கள் மேலெல்லாம் கொட்டுகிறது. உலகத்தின் எரிமலைகள் அத்தனையும் சேர்ந்து கொதிக்கின்றன. ஐஸ்லாந்தின் ஹெக்லா உறுமுகிறது, எட்னா குழம்பைக் கக்குகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கதையைச் சொல்பவர் சாலஞ்சர் இல்லை என்பது. பியர்லெஸ் ஜோன்ஸ் என்ற ஆர்ட்டீசியன் கிணறு போடும் நிபுணர் சொல்கிறார். நம்மூர் பாஷையில் ஒரு போர்வெல்காரர்.

போர்வெல்காரரை எனக்குத் தெரியும். 2003 வறட்சியில் எங்கள் தோட்டத்துக்குத் திருச்செங்கோட்டிலிருந்து வந்த ரிக் லாரி இரவு பதினோரு மணிக்கு வேலையைத் தொடங்கியது. அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் அப்பாவின் முகத்தில் ஒரு தொகை ஓடும். ரிக்காரர் ஒருவர், என் அண்ணன் வயதுதான் இருக்கும், துளையிலிருந்து வரும் தூளை அள்ளிப் பார்த்துப் பார்த்துக் குவித்துக்கொண்டே இருந்தார். நிறம் மாறினால் சொல்வார். “கருங்கல்லு வந்துருச்சுங்க. இன்னொரு அம்பதடி போயிப் பாக்கலாங்ளா?” பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் நம்பத்தகுந்த தகவல் இருந்தது அவர் உள்ளங்கையில் மட்டும்தான். தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்த்தவர் உட்பட மற்ற எல்லோரும் சாலஞ்சர்கள்.

கானன் டாயிலின் குறையை இங்கிருந்துதான் பார்க்கிறேன். ஜோன்ஸுக்குத் தொழில் தெரியும் என்று கதை திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் அவரை எதையும் கண்டுபிடிக்க விடுவதில்லை. கொள்கை பேராசிரியருடையது, பணம் செத்துப்போனவருடையது, கொண்டாட்டம் பத்திரிகைகளுடையது. ஜோன்ஸ் கருவியைத் தயார் செய்கிறார், பயப்படுகிறார், பிறகு நமக்கு வந்து சொல்கிறார். தோண்டுகிறவனின் கைக்கு ஓர் அறிவு உண்டு என்பதே கதையில் இல்லை. கிராஃப்லாவில் நடந்ததோ நேர் எதிர். அங்கே மாக்மா இருக்கிறது என்று எந்தக் கொள்கையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. துளையிலிருந்து வந்த சில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. பூமி அலறவில்லை, ஒரு பிடி கண்ணாடியைக் கையில் கொடுத்தது.

அடுத்தது வெப்பம். எட்டு மைல் என்பது கிட்டத்தட்ட 12.9 கிலோமீட்டர். சாதாரணமான நிலத்தில் ஒரு கிலோமீட்டர் கீழே போனால் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். கணக்குப் போட்டால் சாலஞ்சரின் சுரங்கத்தின் அடியில் முந்நூறு டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். கதையில் அங்கே லிஃப்டில் இறங்கி நின்று பார்க்கிறார்கள். வெப்பம் எங்கேயும் கதையைத் தடுப்பதில்லை. அறுபத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் ஜூல்ஸ் வெர்னும் இதே சிக்கலில் மாட்டியவர்தான். ‘பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்’ நாவலில் பேராசிரியர் லிடன்ப்ராக் ஐஸ்லாந்தின் எரிமலை வாய் ஒன்றில் இறங்கி, இத்தாலியின் ஸ்ட்ராம்போலி வழியாக வெளியே வருகிறார். உள்ளே சூடாக இருக்குமே என்று மருமகன் பதறும்போது, பேராசிரியர் ஹம்ஃப்ரி டேவியைத் துணைக்கு அழைத்து, மைய வெப்பம் என்ற ஒன்றே இல்லை என்று வாதாடுகிறார். கதை நடக்க வேண்டுமானால் வெப்பத்தைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும். வெர்னாவது வாதம் செய்தார். கானன் டாயில் வெப்பத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வலியை வைத்துவிட்டார்.

இலக்கியத்துக்கு ஆழம் என்றால் போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே ஒரு கடலோ, டைனோசரோ, சதையோ, நரகமோ இருந்தாக வேண்டும். வெறும் சூடு இருந்தால் அதை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்வார்? ஆனால் உண்மையில் அங்கே இருப்பது சூடுதான். மெதுவாக, எல்லாத் திசையிலும், யாரும் கேட்காமலே மேலே வந்துகொண்டிருக்கும் சூடு. அதை முதலில் மின்சாரமாக்கியது ஒரு வியாபாரக் குடும்பம். இத்தாலியின் டஸ்கனியில் ‘பிசாசுப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் வாங்கிய லார்டெரெல்லோவில், போரிக் அமிலம் எடுத்துக்கொண்டிருந்த ஆலையில், பியெரோ ஜினோரி கோன்டி 1904இல் நிலத்து நீராவியை வைத்து ஐந்து பல்புகளை எரியவிட்டார். 1913இல் அங்கேயே 250 கிலோவாட் நிலையம் வந்தது. கானன் டாயில் கதை எழுதும்போது இதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. பூமிக்கு உயிர் இருக்கிறதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், பூமியிடம் மின்சாரம் வாங்கி இத்தாலியில் விளக்கெரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் மனுஷன் ஒரு இடத்தில் அசத்திவிட்டார் என்பேன். தெரிந்து செய்தாரா என்பது வேறு. சோவியத் ரஷ்யா 1970இல் கோலா தீபகற்பத்தில் அறிவியலுக்காக மட்டும் ஒரு துளையைத் தொடங்கியது. 1989இல் 12,262 மீட்டர். சாலஞ்சரின் எட்டு மைலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த ஆழத்தில் நூறு டிகிரி எதிர்பார்த்தார்கள், 180 இருந்தது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை கல்லைப் போல நடந்துகொள்ளவில்லை. இளகி, பிளாஸ்டிக் மாதிரி நெகிழ ஆரம்பித்தது. அதற்கு மேல் போக முடியவில்லை. ஓட்டுக்குக் கீழே இளகிய சதை என்று 1928இல் எழுதியவருக்கு இதைவிட நல்ல மதிப்புரை யாரும் எழுதியிருக்க முடியாது.

கோலா என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு யூட்யூபில் கேட்ட ஓர் ஆடியோ ஞாபகம் வந்திருக்கும். ரஷ்யர்கள் துளைக்குள் மைக்கை இறக்கினார்கள், நரகத்தில் பாவிகள் கதறுவது பதிவானது என்று சொல்லிச் சுற்றுமே, அது. சுத்தப் பொய். ஆனால் எந்த மாதிரிப் பொய் என்று கவனியுங்கள். ஆழமாகத் துளைத்தால் கீழேயிருந்து ஓர் அலறல் வந்தாக வேண்டும் என்று நமக்குள் ஓர் எதிர்பார்ப்பு உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் போயும் பாறை வெறுமனே இளகியது என்றால் நம்மால் தாங்க முடிவதில்லை.

நம்மிடம் இதற்கு எதிரான படிமம் ஒன்று உண்டு. பொறுமையைப் பற்றிய அதிகாரத்தைத் தொடங்கும்போது வள்ளுவர், தன்னைத் தோண்டுகிறவனையே சுமந்துகொண்டு நிற்கும் மண்ணைத்தான் உதாரணம் காட்டுகிறார். கேட்க உன்னதமாக இருக்கிறது. ஆனால் அது தோண்டுகிறவனுக்கு ரொம்ப வசதியான உன்னதம் என்றும் சில சமயம் தோன்றும். நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958 முதல் புவிவெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள். பக்கத்திலிருந்த பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகள் செத்துப்போயின. ஓரிடத்தில் நிலம் 14 மீட்டருக்கும் மேல் இறங்கியது. அதாவது நாலு மாடி. அலறலே இல்லாமல், பல பத்தாண்டுகளில். பொறுத்துக்கொண்டது என்றும் இதைச் சொல்லலாம், பதில் சொன்னது என்றும் சொல்லலாம். கலிபோர்னியாவின் ‘கெய்சர்ஸ்’ வயலில் 1980களின் கடைசியில் உச்சம் தொட்ட நீராவி சரியத் தொடங்கியது. பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த சாக்கடை நீரைக் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் செலுத்தித்தான் சரிவைத் தாங்கிப் பிடித்தார்கள். ‘அள்ள அள்ளக் குறையாத ஆற்றல்’ என்று தமிழ் அறிவியல் கட்டுரைகள் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். பூமியின் மொத்த வெப்பம் குறையாது, சரி. உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பமும் நீரும் குறையும். அட்சய பாத்திரம் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை வறண்ட போர்வெல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை, எட்னா கக்கிய குழம்பில் திராட்சைத் தோட்டங்கள் அழிந்ததற்காக இத்தாலிய நீதிமன்றம் சாலஞ்சர் மேல் ஐந்து லட்சம் லிரா நஷ்டஈடு விதித்தது என்று போகிற போக்கில் வரும் தகவல். சிரித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன், பாசல் வழக்கைப் பற்றித் தெரியும்வரை. சுவிட்சர்லாந்தின் பாசல் 1356இல் நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர். 2006 டிசம்பரில் அங்கே ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், நீரே இல்லாத சூடான பாறையில், அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தி விரிசல்களைத் திறந்தார்கள். அந்த விரிசல்கள் வழியாக நீரைச் சுற்றவிட்டுச் சூட்டை மேலே கொண்டுவரலாம் என்பது யோசனை. ஆறாவது நாள் 3.4 அளவில் நிலம் அதிர்ந்தது. சுவர்களில் கீறல், சனங்களுக்குப் பீதி, காப்பீட்டில் லட்சக்கணக்கான பிராங்க். திட்டம் நின்றது. திட்டத்தை நடத்திய நிலவியலாளர் மார்க்குஸ் ஹேரிங் நீதிமன்றத்தில் நின்றார். 2009 டிசம்பரில் விடுதலையானார். தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் வந்தது இன்னும் பெரியது, ஏறக்குறைய 5.5. எத்தனையோ பேர் காயம்பட்டார்கள். இதே முறைப் புவிவெப்பத் திட்டம்தான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019இல் சொன்னது.

கானன் டாயிலின் நீதிமன்றத்துக்கு வேலை சுலபம். ஒரு குத்து, ஓர் அலறல், ஒரு குற்றவாளி. பாசலில் குத்துக்கும் வலிக்கும் நடுவில் ஆறு நாள் இருந்தது, அழுத்த வரைபடங்கள் இருந்தன, ஏற்கெனவே இறுகி நின்றிருந்த பழைய பிளவு இருந்தது. பூமி ஒரே நரம்புள்ள பிராணியாக இருந்தால் கதை எழுதுவது எளிது. அது பல இடங்களில் பல காலமாகச் சேர்த்துவைத்த இறுக்கங்களின் மூட்டை. நீங்கள் தொட்ட இடத்தில் வலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய கோடுள்ள பெரிய மென்பொருளில் கைவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி கதையில் என்னை உறுத்துகிற இடம். பூமி பெண், தாய். அவள் தூங்குகிறாள், ஓர் ஆண் துளைத்து எழுப்புகிறான், சுற்றி நின்ற கனவான்கள் கைதட்டுகிறார்கள். 1928இல் இதை வேடிக்கை என்று படித்திருக்கிறார்கள். இன்றைக்கு நெளியாமல் படிக்க முடிவதில்லை. ஆனால் இந்தப் படிமத்தை வேடிக்கையாக இல்லாமல், நம்பிக்கையாகவே வைத்திருந்த சனங்கள் அப்போதும் இருந்தார்கள். ஹவாயில் கிலாவேயா எரிமலை பெலே தெய்வத்தின் இடம். அந்த மண்ணும் குழம்பும் நீராவியும் அவளுடைய உடம்பு. அங்கே புவிவெப்பக் கிணறுகள் போடக் கிளம்பியபோது, இது அவள் உடம்பைத் துளைப்பது என்று எதிர்த்தவர்கள் ‘பெலே பாதுகாப்பு நிதி’ என்ற அமைப்பாகத் திரண்டார்கள். வழக்கு ஹவாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. துளைக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் வழிபாட்டுச் சடங்குகள் நடந்ததாகக் காட்டப்படவில்லை, ஆகவே மத உரிமை மீறப்படவில்லை என்று 1987இல் தீர்ப்பு வந்தது. தெய்வத்தின் உடம்பில் எந்த இடத்தில் கற்பூரம் காட்டினாய் என்று கேட்பது மாதிரி.

அங்கே ஒரு நிலையம் எழுந்தது. 2005இல் அதன் கிணறு ஒன்று சுமார் இரண்டரை கிலோமீட்டரில் மாக்மாவைத் தொட்டது. 2018இல் கிலாவேயா வெடித்து ஓடிய குழம்பு நிலைய வளாகத்துக்குள்ளேயே வந்து சில கிணறுகளை மூடியது. 2020 கடைசியில் நிலையம் மறுபடி ஓடத் தொடங்கியது. இதில் பெலே ஜெயித்தாளா தோற்றாளா என்று என்னால் சொல்ல முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் காட்டிலும் இது மேல் என்றுதான் என் பொறியியல் புத்தி இப்போதும் சொல்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் எதிர்த்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் சாலஞ்சரின் தாடிதான் கண்ணில் தெரிகிறது. கவனியுங்கள், கதையில் சாலஞ்சரின் கொள்கையும் பெலேயின் பக்தர்கள் சொல்வதும் ஒன்றே. பூமிக்கு உயிர் இருக்கிறது. வித்தியாசம் அடுத்த வரியில் வருகிறது. உயிர் இருக்கிறது, ஆகவே தொடாதே என்கிறார்கள் அவர்கள். உயிர் இருக்கிறது, ஆகவே குத்திப் பார்க்கலாம் என்கிறார் இவர்.

ஏன் குத்த வேண்டும்? கதையின் தொடக்கத்திலேயே சாலஞ்சர் ஜோன்ஸிடம் சொல்லிவிடுகிறார். மின்சாரத்துக்காகவோ கனிமத்துக்காகவோ இல்லை. ஜார்ஜ் எட்வர்ட் சாலஞ்சர் என்று ஒருவன் இருப்பது பூமிக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். பூமியைத் தன்னைத் திரும்பிப் பார்க்கவைத்த முதல் மனிதன் என்ற பெருமையோடுதான் கதையும் முடிகிறது. கானன் டாயில் இதைக் கேலியாக எழுதினாரா பெருமிதமாக எழுதினாரா என்று இத்தனை தடவை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் தடுமாற்றம்தான் இந்தச் சுமாரான கதையை உயிரோடு வைத்திருக்கிறது. ஆழத் துளைகளைப் பற்றி இன்று வரும் செய்திகளிலும் அதே குரல் கேட்கிறது. மிக ஆழம், மிகச் சூடு, உலகிலேயே முதல். கிராஃப்லாக் கிணற்றின் வாயில் 450 டிகிரி நீராவி வந்தது, அப்படி ஒன்று அதற்கு முன் இல்லை. 2012இல் வால்வு பழுதாகி அதைக் குளிர்ந்த நீர் ஊற்றி அணைக்க வேண்டியிருந்தது என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் வரும், வந்தால்.

நான் இதிலிருந்து விலகி நின்று பேசவில்லை. எண்ணெய்த் துறையின் கிடைமட்டத் துளைகளையும் பாறை உடைப்பையும் கடன் வாங்கி, ஃபெர்வோ என்ற நிறுவனம் அமெரிக்காவின் நெவாடாவில் 2023இல் புவிவெப்ப மின்சாரம் எடுத்தது. 3.5 மெகாவாட்தான். அது போய்ச் சேர்ந்தது கூகுளின் டேட்டா சென்டர்கள் இழுக்கும் மின்தொகுப்புக்கு. நான் எழுதும் கோடும் எங்கோ ஒரு டேட்டா சென்டரில்தான் ஓடுகிறது. இரவும் பகலும் நிற்காமல் வேண்டும், புகையும் வரக் கூடாது என்றால் சூரியனும் காற்றும் மட்டும் போதாது. பூமியின் சூடு நிற்பதில்லை. ஆகவே கீழே போகிறோம். சாலஞ்சருக்குத் தன் பெயர் தெரிந்தால் போதுமாயிருந்தது, எங்களுக்கு அப்டைம் வேண்டும்.

எங்கள் தோட்டத்துப் போர்வெல்லில் தொள்ளாயிரம் அடிக்கும் தண்ணீர் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அப்பா போதும் என்றார். ரிக்காரர்கள் ராடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் தூள் குவியல்களில் கடைசியாகக் கொட்டியதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. பூமிக்குள் இருக்கும் சூடு இதுதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ரொம்ப நாள் கழித்து, இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் தெர்மோடைனமிக்ஸ் படிக்கும்போதுதான் கணக்குப் போட்டேன். தொள்ளாயிரம் அடிக்கு ஏழெட்டு டிகிரி கூடியிருக்கும். மிச்சமெல்லாம் சுத்தியலும் கம்ப்ரசர் காற்றும் கொடுத்த சூடு.